லீவில் வந்த நாயகி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

நான் பாளையங்கோட்டைக்காரி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். உங்களுக்கு எல்லாரும் நாவல் பற்றியும் கவிதை பற்றியும் எழுதுகிறார்கள். நான் கேட்கப்போவது டிவி படங்களைப் பற்றி.

இங்கே அக்டோபர் மாதமே ஹால்மார்க் சேனலில் கிறிஸ்துமஸ் படங்கள் ஆரம்பித்துவிடும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு அதைப் போட்டுக்கொண்டுதான் படுப்பேன். எல்லாம் ஒரே கதை. பெரிய நகரத்தில் பெரிய வேலையில் இருப்பவள் கிறிஸ்துமஸுக்குச் சின்ன ஊருக்கு வருகிறாள். கட்டம்போட்ட சட்டை போட்ட ஒருவனோடு முதலில் சண்டை, பிறகு சேர்ந்து மரம் வாங்குவது, பிஸ்கட் சுடுவது. கடைசி நிமிஷத்தில் முத்தம், கூடவே பனி விழும்.

எங்கள் வாசிப்புக் குழுவில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். "ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எடுக்கிற குப்பை" என்றார் ஒருவர். எனக்கு வருத்தமாகிவிட்டது. குறை எனக்கும் தெரியும். கோடையில் எடுத்தது என்று பார்த்தாலே தெரிகிறது, பேசும்போது வாயிலிருந்து ஆவி வராது. காபி கப்பில் காபி இருக்காது. அதெல்லாம் போகட்டும். எனக்குப் பொறுக்காதவை இரண்டு. ஒன்று, எப்போது பார்த்தாலும் அந்தப் பெண்தான் வேலையை விடுகிறாள். என்னை நர்ஸிங் படிக்க வைக்க எங்கள் வீட்டில் வயலை விற்றார்கள். வேலையை விடுவது அவ்வளவு லேசா? இரண்டு, கிறிஸ்துமஸ் என்று பேர், கோயிலே கிடையாது. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் ஊர் ஊசிக்கோபுரக் கோயிலில் விடியற்கால ஆராதனை. இங்கே மரம், விளக்கு, சாண்டா. பிள்ளை இயேசு எங்கே?

ஆனாலும் பார்க்கிறேன். அம்மா இறந்த பிறகு அதிகமாகவே பார்க்கிறேன். ஒரு படத்தில் செத்துப்போன அம்மா கைப்பட எழுதிய சமையல் குறிப்பை மகள் கண்டெடுப்பாள். அன்றைக்கு ரொம்ப அழுதுவிட்டேன். படத்தின் பேர்கூட ஞாபகம் இல்லை.

இவை குப்பைதானா? குழுவுக்குப் போட்டுக்காட்ட ஒரு படம் சொல்வீர்களா? இந்த வருஷமும் 25ஆம் தேதி எனக்கு டூட்டி. அதனால் அதற்கு முன்பே சொன்னால் நல்லது.

ம.
கொலம்பஸ், ஒஹையோ

*

அன்புள்ள ம.,

குப்பை இல்லை. இந்தப் படங்களில் நல்லதும் இருக்கிறது, பெரிய குறை ஒன்றும் இருக்கிறது. அந்தக் குறை உங்கள் நண்பர் சொன்னது இல்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரியில்தான் அது இருக்கிறது. அங்கே வந்துசேர எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் உங்கள் நண்பரின் பேச்சு. ஒரே கதை என்பது ஒரு குற்றமா? நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் முத்துப்பட்டன் கதையை வில்லில் பாடும்போது எதிரே உட்கார்ந்திருக்கிற கிழவிக்கு அந்தக் கதை தெரியாதா? பட்டன் பொம்மக்காளையும் திம்மக்காளையும் எங்கே பார்ப்பான், அவர்கள் அப்பன் வாலப்பகடை என்ன கேட்பான், மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை எப்படி முடியும் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தெரிந்துதான் வந்து உட்கார்கிறாள். இந்த முறை பாட்டுக்காரர் அந்த இடத்தை எப்படிப் பாடுகிறார் என்று பார்க்க வருகிறாள். அடுத்து என்ன என்ற பதற்றம் இல்லாமல் கதை கேட்பது மனிதனின் மிகப் பழைய சுகங்களில் ஒன்று. இரவெல்லாம் அடுத்து என்ன ஆகுமோ என்று நோயாளிகளைக் கவனித்துவிட்டு வருகிற உங்களுக்கு, அடுத்து என்ன என்று முன்பே தெரிந்த கதை தேவைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடுவில் தூங்கிப்போனாலும் விழித்ததும் கதைக்குள் நுழைந்துவிடலாம். அது அந்தப் படங்களின் வடிவத்திலேயே இருக்கிற கருணை என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வில்லுப்பாட்டில் பட்டன் சாகிறான். இரண்டு பெண்களும் தீயில் இறங்குகிறார்கள். ஒரே கதைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்குள் யாரோ விலை கொடுக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் எப்படி உருவாகின்றன என்பதையும் சொல்லவேண்டும், நீங்கள் கண்ட குறைகள் பாதி அதிலிருந்து வருகின்றன. ஹால்மார்க் அடிப்படையில் வாழ்த்து அட்டை நிறுவனம். 1910இல் ஜாய்ஸ் ஹால் என்ற இளைஞர் கான்சாஸ் சிட்டியில் தபால் அட்டை விற்று ஆரம்பித்தது. இப்போதைய பெயரில் சேனல் வந்தது 2001இல். கிறிஸ்துமஸை நோக்கி நாள் எண்ணும் அந்த நீண்ட வரிசையை 2009இல் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் நாற்பதை ஒட்டிப் புதுப் படங்கள் வந்திருக்கின்றன. லைஃப்டைம் போன்ற சேனல்களும் நெட்ஃபிளிக்ஸும் எடுப்பது தனிக் கணக்கு. இத்தனை படங்களைக் குறைந்த செலவில் எடுக்கவேண்டும். அதனால் பெரும்பாலும் கனடாவுக்குப் போகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஒன்டாரியோவிலும் வரிச்சலுகை உண்டு, கனடா டாலரின் மதிப்பும் குறைவு. ஒரு படத்தின் படப்பிடிப்பு ஏறத்தாழ மூன்று வாரத்தில் முடிந்துவிடும். கோடையில் எடுத்தால் நடிகர்கள் கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்பார்கள், தரையில் வெள்ளைத் துணியும் நுரையும் காகிதத் துகளும் பனியாகும். வாயில் ஆவி வராததன் காரணம் அதுதான்.

இரண்டு மணிநேர இடத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 85 நிமிடம். அதை ஒன்பது அங்கமாகப் பிரித்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்பும் பார்ப்பவரைப் பிடித்துவைக்க ஒரு கொக்கி வேண்டும். நெருங்கி வந்த இருவரைப் பிரிக்க ஒரு குழந்தை ஓடிவருவதும், போன் அடிப்பதும், அடுப்பில் பிஸ்கட் கருகுவதும் அதற்காகத்தான். இதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். லேசி ஷபேர் என்ற நடிகையைப் பாருங்கள். முப்பதுக்கு மேற்பட்ட ஹால்மார்க் படங்களில் நடித்தவர். எதிரே இருப்பவர் பேசும்போது அவர் உண்மையிலேயே காதுகொடுத்துக் கேட்பதுபோல் இருக்கும். அவசரமாக எடுக்கும் படத்தில் அது சுலபமான காரியம் இல்லை. அவரை எனக்குப் பிடிக்கும்.

அடுத்து உங்கள் அழுகை. 2017 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தன் ட்விட்டர் பக்கத்தில் ஒரு வரி எழுதியது. அந்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஒரு கிறிஸ்துமஸ் இளவரசன் கதையைப் பதினெட்டு நாளாகத் தினமும் பார்த்த 53 பேரைக் குறித்து, உங்களை யார் இப்படிக் காயப்படுத்தியது என்று கேட்டார்கள். விளையாட்டாகத்தான் கேட்டார்கள். எனக்கு அதைப் படித்தபோது கோபம் வந்தது. ஒரு நிறுவனம் தன் வீட்டுக்கு வந்தவர்களைக் கணக்கெடுத்து ஊர் முன்னால் நகைத்தது மட்டும் காரணமில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் உண்டு, அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. உங்கள் கடிதம் அந்தப் பதில்களில் ஒன்று.

இந்தப் படங்களில் எத்தனை அம்மாக்கள் இறந்துபோயிருக்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். நாயகனின் மனைவி இறந்திருப்பாள், ஒரு சின்ன மகள் இருப்பாள். நாயகியின் அப்பா போன வருஷம் தவறியிருப்பார், அவர் கட்டிய மர பொம்மை பரணில் இருக்கும். இதை மலிவான உத்தி என்று விமர்சகர்கள் ஒதுக்குவார்கள். நான் ஒதுக்கமாட்டேன். இறந்தவரின் பெயரைப் பண்டிகை நாளில் சத்தமாகச் சொல்ல அமெரிக்க வாழ்க்கையில் இடம் குறைவு. இந்தப் படங்கள் அந்த இடத்தைத் தருகின்றன. மரத்தில் ஒரு பழைய அலங்காரப் பொருளை மாட்டும்போது "இது அம்மாவுடையது" என்று ஒருத்தி சொல்ல, பக்கத்தில் இருப்பவன் பேச்சை மாற்றாமல் கேட்கிறான். அவ்வளவுதான் காட்சி. உங்கள் சமையல் குறிப்புக் காட்சியும் அப்படித்தான் இருந்திருக்கும். அங்கே வந்த கண்ணீருக்கு நீங்கள் யாரிடமும் காரணம் சொல்லவேண்டியதில்லை.

ஆக, துக்கம் இந்தப் படங்களில் உண்டு. எது இல்லை? நான் சொல்ல வந்தது அங்கேதான் இருக்கிறது.

இவற்றைக் காதல் படங்கள் என்கிறோம். இவை காட்டும் பெரிய ஆசை காதல் என்று எனக்குத் தோன்றவில்லை. இவற்றின் ஆசை லீவு. யோசித்துப் பாருங்கள். நாயகி டிசம்பர் பத்தாம் தேதிவாக்கில் ஊருக்கு வருகிறாள். புத்தாண்டுவரை இருக்கிறாள். காலையில் நிதானமாகக் காபி. பகலில் மரம் பார்க்கப் போகிறாள். மதியம் இரண்டு மணிக்கு ஊர்ச் சதுக்கத்தில் பனிச்சறுக்கு. ஒரு முழு நாளைப் பிஸ்கட்டுக்கு ஒதுக்குகிறாள். யாருக்கும் அவசரமில்லை. இளவரசன் கிடைப்பதைவிட இதுதான் கிடைக்காதது, குறிப்பாக அந்த நாட்டில். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் தனியார் ஊழியருக்குச் சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்று மத்திய சட்டம் கிடையாது. குறைந்தபட்சக் கூலியையும் மிகைநேர ஊதியத்தையும் வகுத்த 1938ஆம் ஆண்டுச் சட்டம் விடுப்பைப் பற்றிக் கட்டாயம் எதுவும் விதிக்கவில்லை. கிறிஸ்துமஸ் 1870லிருந்து அரசு விடுமுறை. ஆனால் அன்று கடையை மூடவேண்டும், மூடினால் கூலி கொடுக்கவேண்டும் என்று தனியார் முதலாளியை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. நம் நாட்டில் 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று எழுதிவைத்தது. எல்லாருக்கும் அது கிடைத்ததா என்பது வேறு பேச்சு, எழுத்திலாவது இருந்தது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் உங்கள் முதல் வருத்தத்துக்குக் காரணம் தெரியும். படத்தில் வில்லன் யார்? போனில் வரும் மேலாளர். "24ஆம் தேதிக்குள் வந்து அறிக்கையை முடித்துக்கொடு, பதவி உயர்வு உனக்குத்தான்" என்பார். அந்தப் பெண்ணுக்கு இரண்டே வழி வைத்திருக்கிறார்கள். திரும்பிப் போய் உழைக்கவேண்டும், அல்லது வேலையை விடவேண்டும். வேலையும் இருக்கட்டும், பத்து நாள் அப்பாவோடும் இருக்கிறேன் என்று அவள் சொல்லக்கூடிய மூன்றாவது வழி அந்தக் கதைக்குள் இல்லை. வாழ்க்கையிலேயே அது பலருக்கு இல்லாததால் கதை எழுதுபவருக்கும் தோன்றுவதில்லை. எனவே லீவு வேண்டுமென்றால் ராஜினாமா. இதுவரை எனக்குப் புரிகிறது, இரக்கமும் வருகிறது.

ஆனால் விலையை ஏன் எப்போதும் அவளே கொடுக்கிறாள் என்று நீங்கள் கேட்பதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. கட்டம்போட்ட சட்டைக்காரன் பெரும்பாலும் ஊர்த் தச்சன், அவன் அவளுக்காக நகரத்துக்குப் போவது அபூர்வம். நகரத்திலும் மரவேலை உண்டே! வேலையை விட்டு அவள் எதைத் தொடங்குகிறாள் என்று பாருங்கள். பெரும்பாலும் பேக்கரி. டிசம்பரில் பேக்கரி நடத்துகிறவளுக்கு லீவு ஏது? அடுத்த கிறிஸ்துமஸில் அவள் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசையவேண்டும். படம் முதல் கிறிஸ்துமஸோடு முடிந்துவிடுவதால் அது நம் கண்ணுக்கு வராது. படிப்புக்காக வயல் விற்ற வீட்டிலிருந்து வந்த உங்களுக்கு இந்த முடிவு பொய்யாகப் படுவது சரியான உணர்வு.

இனி உங்கள் கடைசி வரி. 25ஆம் தேதி உங்களுக்கு டூட்டி. அந்தச் சிற்றூரிலும் யாருக்கோ டூட்டி இருக்கவேண்டும் அல்லவா? சாலைப் பனியை யார் தள்ளுகிறார்கள்? விடுதியில் விரிப்பு மாற்றுவது யார்? நாயகனின் மகள் பனியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டால் கட்டுப்போடும் நர்ஸ் தன் வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்? ஒருவருடைய லீவு இன்னொருவருடைய ஷிப்டின் மேல் நிற்கிறது. அந்த இன்னொருவரை இந்தப் படங்கள் பார்க்க மறுக்கின்றன. ஒரே கதையைச் சொல்வது குறையே இல்லை. அந்தக் கதையின் செலவை மறைப்பதுதான் குறை.

கிறிஸ்துமஸ் கதைகள் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1843இல் டிக்கன்ஸ் எழுதிய, கஞ்சக் கிழவன் ஸ்குரூஜின் கதை எதில் தொடங்குகிறது? ஒரு நாள் லீவில். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை குமாஸ்தா பாப் கிராட்சிட் நாளைக்கு வரமாட்டான் என்பதே கிழவனுக்குக் கசப்பு. வேலை செய்யாத நாளுக்குக் கூலி கொடுப்பதா என்று முனகுகிறான். ஆவிகள் வருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். 1946இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் 8,000 டாலர் தொலைந்துபோனதால் ஜார்ஜ் பெய்லி என்ற ஒருவன் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் பாலத்தில் வந்து நிற்கிறான். கடைசியில் ஊரே பணம் கொண்டுவந்து கொட்டுகிறது. டிவி படங்களில் விடுதியைக் காப்பாற்ற நடக்கும் நிதிதிரட்டும் விழா அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஜார்ஜ் பெய்லிக்காக வந்த பணத்துக்குப் பின்னால் அவன் ஊரைவிட்டுப் போக முடியாமல் கழித்த இளமை முழுவதும் இருக்கிறது. தொலைந்த பணத்தை அமுக்கிக்கொண்ட ஊர்ப் பணக்காரர் பாட்டருக்குத் தண்டனையும் கிடைப்பதில்லை. கணக்கு தீரவில்லை என்று தெரிந்தேதான் நாம் மகிழ்கிறோம்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் ஹால்மார்க்கின் சொந்த வரலாறு. அவர்கள் விளம்பரதாரராக இருந்து நடத்திய நாடக வரிசையின் தொடக்கம் 1951 டிசம்பர் 24, என்பிசி தொலைக்காட்சியில். ஜியான் கார்லோ மெனோட்டி எழுதிய 'அமால் அண்ட் தி நைட் விசிட்டர்ஸ்'. அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட முதல் இசைநாடகம். ஊன்றுகோலோடு நடக்கும் சிறுவன் அமால், விதவைத் தாய், வீட்டில் சாப்பிட எதுவும் இல்லை. பெத்லகேமுக்குப் போகும் மூன்று ராஜாக்கள் இரவு தங்க வருகிறார்கள். எல்லாரும் தூங்கிய பிறகு அந்தத் தாய் அவர்கள் கொண்டுவந்த பொன்னைப் பார்க்கிறாள். இந்தப் பொன்னை வைத்துத் தன் பிள்ளைக்கு என்னவெல்லாம் செய்யலாம் என்று பாடுகிறாள். எடுத்துவிடுகிறாள், பிடிபடுகிறாள். ராஜா கோபப்படவில்லை, நாங்கள் தேடிப்போகும் குழந்தைக்கு இந்தப் பொன் தேவைப்படாது, வைத்துக்கொள் என்கிறார். அப்படிப்பட்ட ஒரு அரசனுக்காகத்தான் காத்திருந்தேன் என்று அவள் பொன்னைத் திருப்பிக் கொடுக்கிறாள். வாழ்த்து அட்டை விற்கும் நிறுவனம் கிறிஸ்துமஸ் இரவில் அமெரிக்க வீடுகளுக்குள் அனுப்பிய முதல் கதை, பசியால் திருடிய ஒரு தாயின் கதை. அவர்களுக்கு இது முடியாதது இல்லை. ஒருமுறை செய்துகாட்டியவர்கள்தான். அதனால்தான் இன்றைய படங்களிடம் அதிகம் கேட்கிறேன்.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். எல்லா மதத்தாருக்கும் அட்டை விற்கிற நிறுவனம், எல்லா வீட்டுக்கும் பொருள் விற்கிற விளம்பரதாரர்கள். பிள்ளை இயேசுவை ஓரமாக வைத்துவிட்டு மரத்தை நடுவில் வைத்தது வியாபாரக் கணக்கு. அதற்கு எதிர்ப்பும் வந்தது. ஹால்மார்க்கின் பெரிய நட்சத்திரமான கேண்டஸ் கேமரன் பியூர், விசுவாசத்தை முன்வைக்கும் படங்கள் எடுக்கப்போவதாகச் சொல்லி 2022இல் கிரேட் அமெரிக்கன் ஃபேமிலி சேனலுக்குப் போனார். அங்கே பாரம்பரியத் திருமணமே மையமாக இருக்கும் என்றும் சொன்னார். 2019 டிசம்பரில் இரு பெண்கள் மணந்துகொள்ளும் விளம்பரத்தை ஹால்மார்க் எடுத்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் மன்னிப்புக் கேட்டது. 2020இல் ஓர் ஆணிணைத் தம்பதி அவர்கள் படத்தில் வந்தார்கள், 2022இல் அத்தகைய காதலே மையமாக ஒரு படம் வந்தது. அந்தச் சண்டை அப்படிப் போகிறது. இதில் என் பக்கம் தெளிவு. யாரையாவது வெளியே நிறுத்துவதற்காகக் கோயிலை உள்ளே கொண்டுவந்தால் அதனால் எந்தப் படமும் கிறிஸ்தவமாகிவிடாது.

நீங்கள் சிறுவயதிலிருந்து கேட்ட வசனம்தான்: "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால், பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்." இந்தப் படங்களில் அடிக்கடி வரும் கட்டடம் எது? சத்திரம்தான். பனியில் வண்டி நின்றுபோன ஒருத்தி கதவைத் தட்டுவாள், எல்லா அறையும் நிரம்பியிருக்கும், ஆனாலும் ஒரு பாட்டி எப்படியோ இடம் கண்டுபிடித்துக் கொடுப்பாள். பெத்லகேமில் மூடிய கதவை இவர்கள் தெரிந்தோ தெரியாமலோ ஆண்டுக்கு முப்பது முறை திறக்கிறார்கள். கோயில் இல்லாத குறை எனக்கும் உண்டு, ஆனால் அந்தக் கதவு திறக்கும்போது எனக்கு மனம் இளகுகிறது. வருத்தம் என்னவென்றால், தட்டுகிறவள் எப்போதும் நல்ல கோட்டு அணிந்தவள், கடன் அட்டை வைத்திருப்பவள்.

போட்டுக்காட்டப் படம் கேட்டீர்கள். இரண்டு சொல்கிறேன்.

முதலாவது 2006இல் ஹால்மார்க்கில் வந்த 'தி கிறிஸ்துமஸ் கார்டு'. ஆப்கானிஸ்தானில் இருக்கும் ஒரு சிப்பாய்க்கு முன்பின் தெரியாத ஒரு பெண் அனுப்பிய வாழ்த்து அட்டை கிடைக்கிறது. லீவில் வரும்போது அவள் ஊரான கலிபோர்னியாவின் நெவாடா சிட்டிக்குப் போகிறான். மரத்தொழில் செய்யும் குடும்பம். அப்பாவாக எட் ஆஸ்னர், இந்த வேடத்துக்காக எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். நான் சொன்ன அச்சில் வார்த்த படம்தான், அதே ஊர், அதே விளக்குகள். ஆனால் இங்கே லீவுக்குக் கெடு இருக்கிறது. அவன் திரும்பவேண்டிய இடம் போர்முனை. அந்த ஒன்றினால் மற்றப் படங்களில் லேசாகத் தோன்றும் காட்சிகளுக்கெல்லாம் கனம் வந்துவிடுகிறது. குழுவினர் சிரிக்கத் தயாராக உட்காருவார்கள். ஆஸ்னர் பேசத் தொடங்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது டிவி படம் இல்லை. 1940இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் எடுத்த 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்'. புடாபெஸ்டில் ஒரு தோல்பொருள் கடை. தினமும் சண்டைபோடும் இரண்டு ஊழியர்கள், ஆள் தெரியாமல் ஒருவருக்கொருவர் காதல் கடிதம் எழுதுகிறார்கள். கிறிஸ்துமஸ் மாலையில் உண்மை வெளிப்படுகிறது. உங்கள் சேனலின் கதைதான். ஆனால் நாயகன் நடுவில் வேலை இழக்கிறான். இன்னொரு ஊழியர், வயதான பிரோவிச், முதலாளி யாரிடமாவது உண்மையான அபிப்பிராயம் கேட்டாலே மாடிப்படியேறி ஒளிந்துகொள்வார், குடும்பஸ்தர். நாயகன் அவரிடம் கல்யாணம் செய்துகொண்டால் எத்தனை அறை வேண்டியிருக்கும் என்று கேட்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். சாப்பிடத் தனி அறை எதற்கு, அடுக்களையில் சாப்பிடலாம் என்று அவர் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வருவார். சம்பளத்துக்குள் காதல் அடங்குமா என்று இரண்டு ஆண்கள் கணக்குப் பார்க்கும் அந்தச் சின்னப் பேச்சுக்கு ஈடான ஒரு காட்சியை இப்போதைய கிறிஸ்துமஸ் படங்களில் நான் பார்த்ததில்லை.

2006 படத்தை முதலில் போடுங்கள், 1940 படத்தை அடுத்த வாரம். டிசம்பர் நடுவாக்கில் வைத்தால் உங்கள் டூட்டிக்கு முன்பே முடிந்துவிடும். குழுவில் என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள். சண்டை வந்தாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி